பால் மறக்கப் போன ஆறு

ஆகஸ்ட் 20, புதன்

கசானே வந்து சேர்ந்துவிட்டேன். பயணம் நன்றாக இருந்தது என்று வீட்டுக்காரர் ஆவுடைக்குச் செய்தி போட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்? பிள்ளை உறங்குகிறாள் என்றா, பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதால் ஒரு விரல்தான் ஓய்வாக இருக்கிறது என்றா?

நான் பறவைகளைப் படமெடுக்க வந்திருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். கபரோனேயில் எங்கள் கேமரா சங்கம் வருடம் ஒருமுறை சோபே ஆற்றுக்குக் கூட்டி வரும். மூன்று வருடமாக நான் வரவில்லை. வடிவு முதலில் வயிற்றில் இருந்தாள், பிறகு இடுப்பில். இந்த முறை ஆவுடையே என் பெயரைக் கொடுத்துவிட்டார். அவர் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஐந்து நாள் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா என்று கேட்டார். ஸ்கிம்மர் என்று ஒரு பறவை இங்கே மணல்திட்டில் வந்து கூடும் பருவம் இது. கீழ் அலகு மேல் அலகைவிட நீளம். தண்ணீரைக் கீறிக்கொண்டே பறக்கும். விலங்கியல் படித்த நாளிலிருந்து அதைப் படமெடுக்க ஆசை.

இன்னொரு காரியமும் இருக்கிறது. வடிவுக்கு இரண்டு வயது முடிந்தும் பால்குடி மறக்கவில்லை. சோற்றைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்கிறாள். எடை ஏறவில்லை. பாலை நிறுத்தினால்தான் சோறு இறங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேப்பிலைப் பொடியைக் குழைத்துப் பூசிப் பார்த்தேன். ஒரு வாய் வைத்தாள், முகத்தைக் கோணினாள், கவுன் நுனியால் நன்றாகத் துடைத்துவிட்டுக் குடித்தாள். கற்றாழைக்கும் அதே மரியாதைதான். கடைசியில் அத்தை போனில் ஒரு வழி சொன்னார்கள். பெத்தவ அஞ்சு நாள் கண்ணுல படாம இருந்தா பிள்ள தானா மறந்துரும். ஊரில் என்றால் பிள்ளையை யார் வீட்டுக்காவது அனுப்புவார்கள். இங்கே பிள்ளையை அனுப்ப இடமில்லை. என்னை அனுப்பிவிட்டார்கள்.

நான் உறங்கவேண்டும் என்பதும் ஆவுடையின் கணக்கில் உண்டு. ஒரு மாதமாகக் கார் சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஒரு சிக்னலில் சற்றே கண் அசந்ததற்கு இத்தனை அமர்க்களம்.

வீடியோ கால் கூடாது என்பது ஒப்பந்தம். என் முகத்தைப் பார்த்தால் அவள் கேட்பாளாம். குளியலறை வாளியில் தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் கேட்டு எழுதினேன். திராட்சையை முழுசாகக் கொடுக்காதீர்கள் என்று இன்னொன்று. மறுபடியும் கட்டைவிரல்.

அறையில் என்னோடு பெனடிக்டா அக்கா. தூத்துக்குடிக்காரர், கபரோனேயில் நர்ஸ், ஐம்பதைத் தாண்டியவர், தனி ஆள். கொண்டு வந்ததில் முக்கால்வாசி லென்ஸ். மாற்றுத்துணி பற்றிக் கேட்டேன். பறவைகள் தன்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரே சட்டை போதும் என்றார். இப்போது குறட்டை விடுகிறார்.

மார்பு கல்லாகக் கனத்தது. குளியலறையில் முகம் கழுவும் தொட்டியில் கொஞ்சம் பீய்ச்சி விட்டேன். வலிக்காகத்தான். இல்லாவிட்டால் காய்ச்சல் வந்துவிடும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

படகு அருமையான ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் சுழலும் நாற்காலி, எதிரே லென்ஸைத் தாங்க ஒரு கவை. படகோட்டி மோலேஃபி இளவயதுக்காரர். வெளிச்சம் முதுகுப்பக்கம் வருமாறு படகைத் திருப்பி நிறுத்திவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பறவை என்ன செய்தாலும் தனக்குச் சம்பந்தமில்லை என்பது போல.

நத்தைகுத்தி நாரைகள், பாம்புத்தாரா, நீர்க்காகம், கருப்பு வெள்ளை மீன்கொத்தி. நீர்யானைகள் காது மட்டும் தெரிய மிதந்தன. மணல்திட்டை நெருங்கியதும் பத்துப் பன்னிரண்டு ஸ்கிம்மர்கள். செம்மஞ்சள் அலகுகள். ஒன்று எழுந்தது, அதன் பின்னால் மற்றவை. நேராக எங்களை நோக்கி, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வந்தன. நான் விரலைப் பொத்தானில் வைத்துவிட்டேன்.

அப்போது பக்கத்துப் படகில் ஒரு குழந்தை அழுதது.

யாரோ வெள்ளைக்காரக் குடும்பம். அது வேறு பிள்ளை, பெரிய தொப்பி போட்ட ஒரு பிள்ளை. என் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சுரீரென்று பால் இறங்கிச் சட்டை இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். தலைக்கு மேலே சிறகுச் சத்தம் போயிற்று. பெனடிக்டா அக்காவின் கேமரா மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எடுத்தியாட்டி?" என்று கேட்டார்.

எடுத்தேன் என்றேன். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து தவறிக் கொட்டுவது போல மேலே கொட்டிக்கொண்டேன். மோலேஃபி துண்டு கொடுத்தார். அக்கா என் சட்டையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் அம்மாவிடம் போனில் பேசினேன். மல்லிகைப்பூவை மார்பில் உதிரியாக வைத்துக் கட்டு, ரெண்டு நாளில் பால் வற்றிவிடும் என்றாள். சோபே ஆற்றங்கரையில் மல்லிகைக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். யானை இருக்கிற ஊரில் பூ இருக்காதா என்கிறாள். முட்டைக்கோஸ் இலைக்கும் அந்தக் குணம் உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம். விடுதிச் சமையல்காரரிடம் போய்ப் பச்சை முட்டைக்கோஸில் நாலு இலை வேண்டும் என்று கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. இலை கொடுத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு, இந்திய விருந்தாளிக்குப் பிடிக்குமே என்று, எனக்கென்று தனியாக ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் பொரியலும் வந்தது. தின்று தீர்த்தேன்.

ஆவுடை ஒரு வரி எழுதியிருக்கிறார். நேற்று கொஞ்சம் அழுதாள், இன்று பரவாயில்லை. கொஞ்சம் என்றால் அவர் அகராதியில் எவ்வளவு? பையன்கள் கணக்கில் தோற்றால்கூடக் கொஞ்சம் கவனக்குறைவு என்று எழுதுகிறவர்.

இலையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பீய்ச்சி விட்டேன். நேற்றைவிட அதிகம் வந்தது. நல்லதுதானே, வலி குறையும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

மத்தியானம்தான் எடுத்தார். அவளைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாராம், போன் அடித்தால் எழுந்துவிடுவாள் என்று அணைத்து வைத்திருந்தாராம். குரல் கட்டியிருந்தது. என்ன சாப்பிட்டாள் என்றேன். "திங்கா, திங்கா" என்றார். என்ன தின்கிறாள் என்றால் பேச்சை மாற்றுகிறார். நீ எத்தனை பறவை எடுத்தாய் என்கிறார். பின்னால் ஓர் அழுகை கேட்டது. டி.வி. என்றார். எங்கள் வீட்டு டி.வி.யோடு நானும்தானே இருக்கிறேன், அது அழுது நான் கேட்டதில்லை.

சாயங்காலப் படகில் அல்லி படர்ந்த ஒரு கிளை வாய்க்காலுக்குள் போனோம். இலைக்கோழி ஒன்று, நீண்ட விரல்களை அல்லி இலைமேல் பரப்பி நடந்து வந்தது. உடம்பின் இரண்டு பக்கமும் கூடுதலாகக் கால்கள் தொங்கின. எங்கள் படகு அசைந்ததும் குஞ்சுகளை அள்ளிச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டிருக்கிறது. அவற்றின் கால்கள் வெளியே ஊசலாடுகின்றன. இந்தப் படத்துக்காகவே உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வருகிறார்கள். மோலேஃபி அது ஆண் என்றார். பெட்டை முட்டையிடுவதோடு சரி, குஞ்சுகளை ஆணிடம் விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடுமாம். நானும் பாடத்தில் படித்ததுதான்.

"ஒம் மாப்பிள இங்க எப்பட்டி வந்தாரு?" என்றார் பெனடிக்டா அக்கா.

படகில் எல்லோரும் அர்த்தம் கேட்டார்கள். அக்கா ஆங்கிலத்தில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மோலேஃபியிடம் கேட்டேன். பெட்டை திரும்பி வந்தால் குஞ்சுகளுக்கு அடையாளம் தெரியுமா? அவர் பிஸ்கட்டை மென்று விழுங்கினார். தெரியாது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

படம் எடுத்தேனா என்று பார்த்தேன். அல்லி இலைதான் இருக்கிறது, நிறைய.

ஆகஸ்ட் 23, சனி

விடுதி அலுவலகத்தில் விசாரித்தேன். சும்மாதான். நாளைக் காலை கபரோனே விமானத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். சாயங்காலத்துக்குள் சொன்னால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். காரணம் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லலாம். நான்கு நாளும் ஐந்து நாளும் ஒன்றுதானே.

மத்தியான ஓய்வு நேரம், அக்கா வெளியே போயிருந்தார் என்று நினைத்துக் குளியலறைக் கதவைத் தாழிடாமல் தொட்டியில் குனிந்திருந்தேன். நேரம் ஆயிற்று. கடைசிச் சொட்டு வரைக்கும் எடுப்பது என்பது ஒரு பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. நிமிர்ந்தால் கண்ணாடியில் அக்கா.

சண்டை போடுகிற குரலில் பேசவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"வலி தீரக் கொஞ்சம் எறக்கலாம். நீ காலி பண்ணுத. காலி பண்ணினா ஒடம்பு என்ன நெனைக்கும்? பிள்ள குடிக்குன்னு நெனச்சு இன்னும் சொரக்கும். காலேசுல படிச்சவதான நீ?"

வலி தாங்கவில்லை என்றேன்.

"வலி இல்ல. ஊருக்குப் போயி குடுக்கலாம்னு வத்தாம வச்சிருக்க. குடு, ஒம் பிள்ள, யாரு வேண்டாம்னா. ஆனா அது இத்தன நாளு அங்க அழுதது எதுக்குட்டி?"

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை பெறாதவருக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் சொல்லியும் விட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. தொட்டிக் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டார். எல்லாம் வெள்ளையாகச் சுழன்று போயிற்று. "சரி, பெத்தவளே சொல்லு. எதுக்கு அழுதது?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் லென்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன பதில் சொல்வது? ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன் என்றா? அவள் என்னிடம் ஓடி வருவதே அதற்காகத்தானே, அது இல்லாமல் போனால் எதற்கு வருவாள் என்றா?

சாயங்காலப் படகுக்கு நான் போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில்தான் நெட் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து ஆவுடைக்கு எழுதினேன். ஒரு படம் மட்டும் போடுங்கள், அவள் உறங்கும்போது, நான் கூப்பிடமாட்டேன். ரொம்ப நேரம் கழித்து வந்தது. கீழே, "இப்பதான் ஒறங்கினா. கவலப்படாத கோமு."

பறவைப் படத்தில் கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தேன். இமை மயிர் ஒட்டிப்போயிருந்தது, அழுது காய்ந்தது. மூக்கடியில் சளி. கன்னம் வற்றியிருக்கிறதா? தெரியவில்லை. ஒரு பக்கமாகப் படுத்திருக்கிறாள். மோவாயில் ஏதோ ஒட்டியிருக்கிறது. இன்னும் பெரிதாக்கினேன். பருக்கை. ஒரு சோற்றுப் பருக்கை, மஞ்சளாக, பருப்பில் பிசைந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவள் கன்னம் எதன்மேல் படிந்திருக்கிறது என்று பார்த்தேன். ஊதாப்பூப் போட்ட துணி. என் நைட்டி. சரி, வாசனைக்காக என் நைட்டியைப் போர்த்தி விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். படத்தை நகர்த்தினேன். ஊதாப்பூ கை. கைக்குள்ளிருந்து வெளியே வந்தது மயிர் அடர்ந்த ஒரு முன்கை, மணிக்கட்டில் ஆவுடையின் வாட்ச்.

அவர் போட்டிருக்கிறார்.

ஒரு கணக்கு வாத்தியார், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நைட்டி எனக்கே தோளில் பிடிக்கும். தையல் விட்டிருக்கும். எத்தனை நாளாகப் போட்டிருக்கிறார்? முதல் நாளிலிருந்தா? திங்கா திங்கா என்று சொன்னபோதும் அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றாரா? வாசலில் யாராவது மணி அடித்தால் என்ன செய்வார்? சிரித்துவிட்டேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நின்று பார்த்தாள். சிரிப்பாகத் தொடங்கியது, ஆனால் அவள் வந்து டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

நைட்டியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவர் சொல்லாததை நான் கேட்கக்கூடாது. நல்லது, உறங்குங்கள் என்று மட்டும் எழுதினேன்.

விடுதி அலுவலகத்தில் விமான இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சமையல்காரரிடம் போய் இலை கேட்டேன். ஒரு முழு முட்டைக்கோஸையே கையில் கொடுத்தார்.

அக்கா வந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ஸ்கிம்மரு இன்னைக்கு வரவே இல்ல, நீ ஒண்ணும் தவற விடல" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பீய்ச்சவில்லை.

அதே நாள், சாயங்காலம்

காலையில் கையைத் தூக்க முடியவில்லை. கவையில் லென்ஸை வைத்தால் கேமராவின் பின்பக்கம் மார்பில் படும், உயிர் போகும். அக்கா தன் துண்டை மடித்து நடுவில் வைத்தார். பாரசிட்டமால் கொடுத்தார். கொஞ்சமாக, வலி தணிகிற அளவுக்கு மட்டும் இறக்கிக்கொள்ளலாம் என்றார். அந்த அளவோடு நிறுத்த எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. வேண்டாம் என்றேன். குளியலறைப் பக்கம் போகும்போதெல்லாம் தொட்டியைப் பார்க்காமல் போனேன்.

ஸ்கிம்மர்கள் வந்தன. இந்தத் தடவை எந்தப் பிள்ளையும் அழவில்லை. எடுத்தேன், வரிசையாக. கரையேறி வந்து பெரிதாக்கிப் பார்த்தால் தண்ணீர் கிழிந்த கோடு அவ்வளவு துல்லியம், துளிகள் ஒவ்வொன்றும் எண்ணலாம். பறவையின் கண் மட்டும் கலங்கியிருக்கிறது.

"தண்ணி நல்லா வந்திருக்கு. பறவதான் வரல" என்றார் அக்கா.

அவருடையதில் எல்லாம் வந்திருக்கிறது. காட்டுவதற்கு ஆள் ஆளாகக் கூப்பிடுகிறார்.

நாளைக்கு இந்நேரம் வீட்டில் இருப்பேன். அவள் என்ன செய்வாள்? வருவாளா? வந்தால் கேட்பாளா? கேட்காவிட்டால்? ஆற்றில் நீர்யானை ஒன்று கத்திக்கொண்டே இருக்கிறது. பெட்டியை அடுக்கி, பிரித்து, மறுபடி அடுக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள். கபரோனே

எழுதிவிட்டுப் படுக்கவேண்டும். இருவரும் உறங்குகிறார்கள்.

கதவைத் திறந்தபோது ஆவுடை முழுக்கால் சட்டையும் இஸ்திரி போட்ட மேல்சட்டையுமாக நின்றார், இன்ஸ்பெக்ஷனுக்கு நிற்கிற மாதிரி. கண்ணுக்கடியில் கறுத்துப்போயிருக்கிறது. முழங்கையில் பல் பட்ட தடம். வடிவு அவர் காலுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

மெதுவாக வந்தாள். மடியில் ஏறினாள். மூக்கை என் கழுத்தில் வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு, நடுவில் ஒரு நாளும் கழியாதது போல, என் சட்டைப் பொத்தானில் கை வைத்து, "இங்கா" என்றாள்.

மறக்கவில்லை. ஒன்றுமே மறக்கவில்லை.

ஆவுடை சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான், முகம் விழுந்துவிட்டது. நான் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிற முகம். இன்னும் முழுசாக வற்றவில்லை. சட்டைக்குள் இலையை மீறி ஈரம். அவள் வாய் வைத்தால் வரும். அது எனக்கு மட்டும் தெரியும்.

"இங்கா முடிஞ்சு போச்சுட்டி" என்றேன்.

நம்பவில்லை. இழுத்தாள். கையைப் பிடித்தேன். அழுதாள். நான் இங்கே இல்லாதபோது எப்படி அழுதிருப்பாள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துப் பார்த்தேனே, நினைத்தது எதுவும் இதில் பாதிகூட இல்லை. பின்னால் வளைந்து, தரையில் காலை உதைத்து, அடித்தாள். ஆவுடை குனிந்து, "ஏங்கிட்ட தா, எனக்குப் பழக்கமாயிட்டு" என்று கை நீட்டினார்.

"இல்ல, நான் வச்சிருக்கேன். நீங்க போயி முகத்தக் கழுவுங்க."

அவர் போகவில்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

தூக்கிக்கொண்டு நடந்தேன். கூடம், படுக்கையறை, மறுபடி கூடம். தோளைக் கடித்தாள். மார்பில் முட்டிய இடமெல்லாம் நெருப்பு. "ஆமா, இல்ல, ஆமா" என்று அவளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சமையலறை வாசலில் விக்கல் எடுத்தது. விக்கலுக்கு நடுவில் குளிர்பெட்டியைக் கைகாட்டி, அவள் வாயில் நான் கேட்டிராத புதுச் சொல் ஒன்றைச் சொன்னாள்.

"தோச."

ஆவுடையைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

மாவு புளித்துப்போயிருந்தது. இடுப்பில் அவளை வைத்துக்கொண்டே ஊற்றினேன். ஒரு பக்கம் பிய்ந்தது, ஓரம் கருகியது. தரையில் உட்கார்ந்து தட்டைக் காலுக்கு நடுவில் வைத்தேன். விசும்பிக்கொண்டே எடுத்தாள், விசும்பிக்கொண்டே மென்றாள். பாதித் தோசை தின்றாள். என் கண்ணால் பார்த்தேன், பாதி.

பிறகு கருகிய ஓரத்தைப் பிய்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை என் வாய்க்குள் வைத்து, நான் மெல்லுகிறேனா என்று முகத்துக்கு நேரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மென்றேன்.